ஏழாவது முளையில் கிடந்த தகடு

கிண்ணியாவுக்கு அப்பால் கிரவல் அள்ளி முடித்த பெரிய குழி ஒன்று. அதை மூடுவதற்குத் துறைமுகப் பக்கம் இடித்த வீடுகளின் மண்ணையும் கல்லையும் லொறிகள் கொண்டுவந்து கொட்டின. ஒருமுறை பாவித்த மண் என்பதால் அதில் நஞ்சு கிடக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இலக்கம் போட்ட மரமுளை அடித்த இடங்களில் மண் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவேன். முடிவு சரியென்றால் கையெழுத்து வைப்பேன்.

குழியை ஒட்டி ஒரு வீடும் கிணறும் இருந்தன. அந்த வீட்டு முஸ்லிம் அக்காவை ராத்தா என்றே கூப்பிடுவேன். அவர் என்னிடம் முதலில் கேட்டதே அந்த நஞ்சைப் பற்றித்தான்.

"மிஸ், இந்த மண்ணால எங்கட கிணத்துக்கு ஒண்டும் வராதே?"

"சோதிச்சுப் போட்டுத்தான் மூடுவம், ராத்தா."

அவர் இடுப்பில் இருந்த இரண்டு வயது மகள் என் பேனையைப் பறித்துக்கொண்டு வாய் ஓயாமல் கதைத்தாள்.

ஏழாவது முளையில்தான் சனியன் பிடித்தது. வெருகல் பக்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் இருவர் தோண்டினார்கள். மண்வெட்டியோடு சாம்பல் நிறத் தகடு ஒன்று வந்தது. உள்ளங்கை அகலம், பாதி சுருண்டு, முழுக்கக் கட்டம் கட்டமாக. சுற்றிலும் மண் கருகிக் கிடந்தது. மூத்தவர் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"ஆரோ செய்வினை செய்து புதைச்ச தகடு, மிஸ். இதில கை வைக்க ஏலாது."

உச்சி வெயிலில் எனக்கு முதுகு சில்லிட்டது. அவ்வளவு பெரிய குழியில் ஒரு தும்பிகூடப் பறக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். நான் இரசாயனம் படித்தவள். கண்ணூறு கழித்துத் தெருவில் வெட்டிப் போட்ட தேசிக்காயைக் கண்டால் சுற்றிப் போகிறவளும் நானேதான்.

"சரி, பத்தடி தள்ளித் தோண்டுங்கோ" என்றேன்.

தகட்டை அங்கேயே மூடி, மேலே தேசிக்காய் வெட்டி வைத்தார்கள். தள்ளி எடுத்த மண்ணுக்கும் நான் ஏழு என்றே இலக்கம் போட்டேன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள்; இரண்டையும் நான் ஒருத்தியே செய்தேன். முடிவு சுத்தமாக வந்தது. கையெழுத்து வைத்துவிட்டு, ராத்தாவிடம் பயமில்லை என்றும் சொன்னேன்.

மாரி முடிந்து திரும்பிப் போனபோது குழி மேடாகியிருந்தது. எங்கும் புல். ஏழாவது முளையைச் சுற்றி மட்டும் வெறும் மண். ராத்தாவின் கோழிகள் ஒவ்வொன்றாகச் செத்துவிட்டனவாம்.

"நல்லாக் கதைச்ச புள்ள, மிஸ். இப்ப வாயே திறக்குதில்ல. அந்தத் தகட்டாலதான் எண்டு ஊரே சொல்லுது."

பேனையை நீட்டினேன். பிள்ளை அதைப் பார்க்கவேயில்லை. என்னைத் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் தகட்டின் வேலைதான் என்று நம்பினேன். அதை இன்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கிழமை கருவாடு வாங்கச் சல்லி என்ற மீனவக் கிராமத்துக்குப் போனேன். ஒரு வளவில் மீனவர் ஒருவர் பழைய வாகனப் பற்றரியைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார். உள்ளிருந்து சாம்பல் நிறத் தகடுகளை உருவி எடுத்தார். கட்டம் கட்டமாக.

"அண்ணே, இது என்ன?"

"பற்றரித் தகடு, தங்கச்சி. ஈயம். உருக்கி வலைக்குக் குண்டு வார்க்கிறது. கிட்ட வராதேங்கோ, புகை நஞ்சு."

அவர் ஈயம் உருக்கும் அடுப்பைச் சுற்றி மண் கருகிக் கிடந்தது. இடித்த வீடுகளில் எதிலோ யாரோ பல காலம் இதே வேலை செய்திருக்கிறார்கள். அந்த வளவு மண்தான் லொறியில் ஏறி வந்திருக்கிறது.

மறுநாள் காலை ஏழாவது முளையை நானே தோண்டினேன். ஒன்றல்ல, அடுக்கடுக்காகத் தகடுகள். மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் அனுப்பினேன். இரண்டிலும் ஈயம்.

முடிவு கைக்கு வந்ததும் நேரே ராத்தாவிடம் போனேன்.

"ராத்தா, இனி இந்தக் கிணத்துத் தண்ணி ஒரு சொட்டும் வேண்டாம். அது செய்வினை இல்லை, ஈயம். பிழை என்ர. பிள்ளையை இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்."

அவர் பிள்ளையின் வாயைத் முந்தானையால் துடைத்துத் துடைத்து விட்டார்.

"தகட்டுத் தோசம் போகட்டும் எண்டு ஓதின தண்ணி குடுக்கிறம், மிஸ். ஒரு நாளைக்கு மூணு தரம்."

"எந்தத் தண்ணியில ஓதினது?"

"நீங்க பயமில்லை எண்டு சொன்ன கிணறுதானே, மிஸ்."