தூக்க வரி

நியமனக் கடிதத்தின்படி அவள் தோட்டப் பராமரிப்பாளர். அந்த இடத்தில் தோட்டம் இல்லை. சிமென்ட் தரை, தகரக் கூரை, மின்கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் நான்கு எந்திரங்கள், நாற்காலி போட்டால் கதவைச் சாத்த முடியாத ஒரு காவல் கூண்டு, அவ்வளவுதான். புல் முளைக்க ஒரு விரிசல்கூடக் கிடையாது. செயலியில் நிறுவனம் அதை ‘ஆளில்லாத் தானியங்கி நிலையம்’ என்று பெருமையாகப் போட்டிருந்தது. ஆள் வைத்தால் அது பொய்யாகிவிடும். வைக்காவிட்டால் வயரை அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே காவலுக்கு ஆள், காகிதத்தில் தோட்டம். டாக்ஸி ஓட்டுநர்கள் அவளைத் தோட்டக்காரக்கா என்றார்கள். அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

அவள் சிரித்தே நாளாயிற்று. வெளியூருக்கு வேலைக்குப் போன கணவன் அங்கேயே இன்னொரு குடும்பத்தை அமைத்துக்கொண்டான். செய்தி வந்தபோது அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணீர் வந்தது, அது வெங்காயத்துக்கு. பிறகு தம்பி வீட்டில், வாஷிங் மெஷின் இருந்த பின்பக்கத்தில், ஒரு கட்டில் போட்டுக்கொண்டாள். சம்பளத்தில் பாதி தம்பி மனைவி கைக்குப் போனதால் அந்த இடத்துக்கு அறை என்று பெயர். சம்பளம் நின்றால் அது மறுபடியும் வாஷிங் மெஷின் இருக்கும் இடம். மூவருக்கும் இது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, மரியாதையான குடும்பம்.

நிலையத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தூங்க வருகிறவர்கள். சொந்த வீடும் கார் நிறுத்த இடமும் உள்ளவன் இரவில் வீட்டிலேயே வயரைச் செருகி, சல்லிசாக ஏற்றிக்கொள்வான். மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் டாக்ஸிக்காரன் ஜன்னல் வழியாக வயரைத் தொங்கவிட முடியுமா? வெளியே வந்து யானை விலை கொடுத்தாக வேண்டும். இல்லாதவனிடம் எல்லாம் கூடுதல் விலை கேட்கும் என்பது மின்சாரத்துக்கும் தெரிந்திருந்தது. ஏறுகிற நேரத்தில் சீட்டைச் சாய்த்தால் தூக்கம் அள்ளிக்கொண்டு போய்விடும். பேட்டரி நிறைந்ததும் எந்திரம் ஒருமுறை கூவும். அதன்பின் கார் நகராமல் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காத்திருப்புக் கட்டணம். ஓட்டுநர்கள் அதற்கு வைத்த பெயர் தூக்க வரி.

எந்திரம் கூவினால் அவள் எழுந்து போய்க் கண்ணாடியைத் தட்டுவாள். “ஃபுல் ஆயிடுச்சு” என்பாள். திரும்பி வந்து உட்காருவாள். அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. இரக்க குணம் என்றார்கள் ஓட்டுநர்கள். கைநீட்டி ஏதோ வாங்குகிறாள் என்று நிறுவனம் சந்தேகப்பட்டது. அண்ணிக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது என்றாள் தம்பி மனைவி. மூன்றும் தவறாக இருக்கலாம்.

ஒருநாள் மேற்பார்வையாளர் வந்தார். மற்ற நிலையங்களில் காத்திருப்புக் கட்டணம் கொட்டுகிறது, இங்கே மட்டும் சொட்டுகிறது என்றார். நல்ல மனிதர். இருந்த ஒரே நாற்காலியை அவளுக்கு விட்டுக்கொடுத்து, நின்றபடியே கண்டித்தார்.

“உங்க வேலை தோட்டம்மா. கார்ல ஒருத்தர் தூங்கினா அது அவர் சொந்த விஷயம். தட்டினா தொந்தரவு.”

இல்லாத தோட்டத்தைப் பார்க்காமல், இருக்கிற கார்களைப் பார்த்தது குற்றம். மாதக் கடைசியில் வேலை நீட்டிப்பு முடிவாகும், அதுவரை கூண்டைவிட்டு இறங்கக் கூடாது. “சரி சார்” என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். எந்திரங்கள் கூவின. கட்டணம் கொட்டியது. குறட்டை என்று பட்டம் வாங்கிய ஓட்டுநர் ஒருவன் கண்விழித்து, போனைப் பார்த்து, காலையிலிருந்து ஓட்டிய சவாரிக் காசு கரைந்திருப்பதைக் கண்டு நேரே கூண்டுக்கு வந்தான்.

“என்னக்கா, கம்பெனிக்காரங்க செடி வாங்கிக் குடுத்துட்டாங்களா? தண்ணி ஊத்தப் போயிட்டியா?”

அவள் அவன் கார் நின்ற எந்திரத்தைப் பார்த்தாள்.

“ஒரு தட்டு தட்டினா கை தேஞ்சிடுமா? உன்னைவிட அந்த மெஷின் தேவலை. அதுவாவது ஒரு தடவை கூவுது.”

உறைத்தது என்றும் சொல்ல முடியாது, உறைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. வீட்டுக்குப் போய்த் துணி மடித்து வைத்தாள். அதன்பின் அவன் அவளைத் தூணைப் பார்ப்பதுபோல் பார்த்தான். அவளுக்கும் அவனைப் பிடிக்காமல் போயிற்று. பிடிக்காமல் போவதற்கே சற்று உயிர் வேண்டும். அந்த அளவுக்கு இருந்தது.

மாதக் கடைசியில் மேற்பார்வையாளர் நீட்டிப்புக் காகிதத்தோடு வந்தார். சம்பளம் கொஞ்சம் கூடியிருந்தது. பதவி அதே தோட்டம். அன்று காலை, கேட்காமலே, தம்பி மனைவி அவள் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருந்தாள். மேற்பார்வையாளர் பேனாவை அவள் கையில் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார்.

இரண்டாவது எந்திரம் கூவியது. அதில் நின்றது குறட்டையின் கார். பட்டத்துக்குக் காரணமான சத்தம் கூண்டுவரை வந்தது.

“இங்க போடுங்கம்மா,” என்றார். அவருக்கும் கேட்டிருந்தது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “நீங்க இறங்கினா இந்தப் பேப்பரை நான் திருப்பி எடுத்துட்டுப் போகணும். எனக்கும் மேல ஆளு இருக்கு.”

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. திருப்பி எடுத்துக்கொண்டுதான் போனார். அந்த வாரமே துணி காயப்போடும் கொடி பின்னறைக்குள் வந்து, கட்டிலுக்கு மேலே குறுக்காக நின்றது. குறட்டை நன்றி சொல்லவில்லை. அரைத் தூக்கத்தில் காரை எடுத்துக்கொண்டு போனவனுக்கு நடந்தது எதுவும் தெரியாது. ஏன்க்கா இப்படிப் பண்ணினே என்று தம்பி கேட்டான். அவள் யோசித்துப் பார்த்தாள். பிறகு கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்தாள்.

எந்திரம் கூவியதும் அவள் பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டு, இறங்கிப் போய், இரண்டாவது காரின் கண்ணாடியைத் தட்டினாள்.