நாணல் திட்டில் உலியானா

ஃபெவ்ரோனியாவும் உலியானாவும் ஒரே படகில் வளர்ந்தவர்கள். எங்கள் டான்யூப் ஆற்றுக் கழிமுகத்தில் பெண்பிள்ளைகள் தனியாக மீன்பிடிக்கப் போவது அபூர்வம். இவர்கள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் போவார்கள். உலியானா துடுப்புப் போடுவாள், ஃபெவ்ரோனியா தூண்டில் பிடிப்பாள். ஒருமுறை பெரிய கெளுத்தி இழுத்த இழுப்பில் இருவரும் தண்ணீரில் விழுந்தார்கள். அப்போதும் கயிற்றை விடவில்லை. உள்ளங்கை அறுபட்டு ரத்தம் ஒழுக, சிரித்துக்கொண்டே கரையேறினார்கள்.

அந்தக் காலத்தில், விலையுயர்ந்த முட்டைக்குப் பேர்போன ஸ்டர்ஜன் மீன் சிக்கினால் அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஃபெவ்ரோனியாவின் அப்பா எவ்செய், மூத்த மகளின் கல்யாண விருந்துக்காக ஒன்றை நாணல் கட்டுக்கு அடியில் ஒளித்துவைத்தார். மறுநாளே காவலர்கள் வந்து நேராக அந்தக் கட்டைத்தான் பிரித்தார்கள். சிறையிலிருந்து இருமலோடு திரும்பியவர், பனிக்காலம் முடியுமுன் செத்துப்போனார். சாவு வீட்டில் ஃபெவ்ரோனியாவைக் கட்டிக்கொண்டு எல்லோரையும்விட அதிகமாக அழுதவள் உலியானா. அந்த வசந்தத்தில் அவளுக்கு மீன் நிலையத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது.

இருவருக்கும் தலை நரைத்த பிறகு, ஒரு ஞானஸ்நான விருந்தில் ஓய்வுபெற்ற காவலர் ஒருவர் ஃபெவ்ரோனியாவிடம் போதையில் உளறினார்.

"உன் சிநேகிதி சொல்லலேன்னா, மீன் அந்தக் கட்டுக்கு அடியில இருக்குன்னு எங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சிருக்கும்?"

ஃபெவ்ரோனியா அடுத்த வாரம் உலியானாவிடம் போய், "வாடி, பழையபடி மீன் பிடிக்கப் போவோம்" என்று கூப்பிட்டாள்.

ஏரி நடுவில் மிதக்கும் நாணல் திட்டில், சிக்கிய வலையை எடுக்கச் சொல்லி அவளை இறக்கினாள். பிறகு படகைக் கூப்பிடு தூரத்துக்குத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்திக்கொண்டாள்.

மாலையில் நானும் என் கணவரும் மற்ற படகுகளோடு அந்த வழியாகத் திரும்பினோம். உலியானாவின் முகம் முழுக்கக் கொசு அப்பியிருந்தது.

"விளையாடாதடி ஃபெவ்ரோ! காலு உள்ள போவுது!"

"எங்கப்பனும் உள்ளதான்டி போனாரு. யாரு காட்டிக்குடுத்தா?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுடி!"

"அப்ப இங்கயே கொசுவோட குடும்பம் நடத்து." ஃபெவ்ரோனியா துடுப்பை எடுத்தாள்.

"ஐயோ, போகாத! நான்தான்டி! வேலைக்காகச் சொல்லிட்டேன்!"

"சத்தமா சொல்லு. கடைசிப் படகுக்குக் கேக்கல."

உலியானா தொண்டை கிழியக் கத்தினாள். எங்கள் படகுகளில் ஒரு துடுப்பும் அசையவில்லை. அவளை ஏற்றிக்கொள்ள என் கணவர் படகைத் திருப்பினார்.

"நீங்க விடுங்கண்ணே," என்றாள் ஃபெவ்ரோனியா. "கூட்டிட்டு வந்தவ நான். நானே கொண்டுபோய் விடுறேன்."

கரை வரை ஃபெவ்ரோனியாவே துடுப்புப் போட்டாள்.

அதற்குப் பிறகு கோயிலில் உலியானா பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. இலையுதிர் காலத்துக்குள் அவள் வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்திலிருக்கும் மகனிடம் போய்விட்டாள். ஈஸ்டருக்கு அந்த மகன் மட்டும் வந்தான்.

"அம்மாவை மன்னிச்சிடுங்க அத்தை. தினமும் அழுறாங்க."

ஃபெவ்ரோனியா அவன் முன்னால் மீன் சூப்பை வைத்தாள்.

"சாப்பிடுப்பா. உன்மேல எனக்கென்ன கோபம்? அழட்டும். இந்தக் கரையில மட்டும் அவ காலு படக்கூடாது."

அவன் தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்து, அடுத்த படகிலேயே நகரத்துக்குத் திரும்பினான்.