மே மாதத்தில் ஒரு பாலைவனம்

என் மகள் பதினோராம் வகுப்பில் வரலாறு குரூப் எடுத்தாள். நான் அதே பள்ளியில் கணக்கு ஆசிரியை. பத்தாம் வகுப்பில் அவள் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். கணக்கு குரூப் எடுத்திருந்தால் தினமும் ஒரு மணி நேரம் என் முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவளோ இரண்டு அறை தள்ளிப் போய் இன்னொருத்தியின் முன்னால் உட்கார்ந்தாள்.

அந்த இன்னொருத்தி வரலாற்று ஆசிரியை. என் வயதுதான். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எட்டு வேலி, ஐம்பது ஏக்கருக்கு மேல், நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பெண். அந்த நிலத்தில்தான் என் அப்பாவும் அம்மாவும் பண்ணையாட்களாக இருந்தார்கள். கூலியில் அரைப் படி நெல் கூடக் கேட்டதற்காக அறுப்பு நின்று, வரப்பில் போலீஸ் உட்கார்ந்திருந்ததெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பு. பிறகு உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலத்தில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், அப்பாவின் பேருக்குப் பட்டாவானது. நான் படித்தேன். அவளும் படித்தாள். இப்போது இரண்டு பேரும் ஒரே வருகைப் பதிவேட்டில் அடுத்தடுத்துக் கையெழுத்துப் போடுகிறோம். நேருக்கு நேர் எங்களுக்குள் ஒரு சண்டையும் கிடையாது. பழைய கதையை ஒரு நாளும் பேசியதில்லை.

ஆனால் என் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள். "மிஸ் சொன்னாங்க" என்றுதான் மகள் எதையும் ஆரம்பிப்பாள். உப்பு போட்டுப் பிசையும்போது உப்புச் சத்தியாகிரகம். ஜன்னலைத் திறந்தால் அரண்மனை ஜன்னல். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் வரலாறு காட்டுகிறேன் பார் என்று தரங்கம்பாடிக்கு அழைத்துப் போனேன். கோட்டைச் சுவரின் மேல் நின்று, டேனிஷ்காரர்கள் கட்டியது என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கட்டிய வருஷம், கட்டியவன் பேர், அவனுக்கு இடம் கொடுத்த தஞ்சாவூர் ராஜா எல்லாம் சொல்லி முடித்தாள்.

"இதெல்லாம் எப்படிடி தெரியும்?"

"மிஸ் போன வாரமே சொன்னாங்கம்மா."

வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீமை அவள் கையிலிருந்து பிடுங்கிவிடலாம்போல இருந்தது.

காலாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி திறந்த வாரம், ஆசிரியர்கள் அறையில் வரலாற்று ஆசிரியை என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், டிசம்பர் லீவுல நாங்க குடும்பத்தோட ராஜஸ்தான் போறோம். ஜோத்பூர், ஜெய்சல்மேர். கோட்டையெல்லாம் பாக்கத்தான். நம்ம மன்னார்குடியிலேர்ந்தே ரயில் இருக்கே. உங்க பொண்ணையும் அனுப்புங்களேன். அவ வந்தா எனக்கும் பேச ஆள் கிடைக்கும். எங்க வீட்டுல எல்லாம் ஒட்டகத்தப் பாக்கத்தான் வர்றாங்க."

மன்னார்குடியிலிருந்து வாரம் ஒருமுறை ஜோத்பூருக்குப் போகும் அந்த ரயிலை எங்கள் ஊரில் 'சேட்டு வண்டி' என்பார்கள். கடைத்தெருவில் அடகுக்கடை வைத்திருக்கும் சேட்டுகள் ஊருக்குப் போகும் வண்டி. அதில் என் மகள் இவளோடு இரண்டு நாளுக்கு மேல் உட்கார்ந்து போவாள். இவள் விரல் நீட்டுகிற பக்கமெல்லாம் திரும்பிப் பார்ப்பாள். யோசிக்காமல் சொன்னேன்.

"நாங்களே போறதா இருக்கோம் டீச்சர். மே மாசம்."

அதுவரை அப்படியொரு எண்ணமே எனக்கு இல்லை.

"அதனால என்ன, ரெண்டு தடவை பாக்கட்டுமே. அவகிட்ட கேட்டுட்டு சொல்லுங்க."

நான் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த ஆசிரியையிடம் போய், "அவ்வளவு தூரம்னா பயமா இருக்காம் டீச்சர், வேணாங்கிறா" என்றேன். அன்று சாயங்காலமே மகள் ஓடி வந்தாள். பயணச் செய்தி அவள் வகுப்புவரை போயிருந்தது.

"அம்மா, மிஸ் ராஜஸ்தான் போறாங்களாம். நானும் வரட்டுமான்னு கேக்கவா?"

இடம் இல்லையாம், டிக்கெட் இல்லையாம் என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "கேட்டு அவமானப்படாத. அவங்க வீட்டுக் கூட்டத்தோட நம்மள எப்படிடி சேப்பாங்க? நாம யாருன்னு அவங்களுக்குத் தெரியாதா?"

"மிஸ்ஸுமா?" என்று மட்டும் கேட்டாள். நான் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தேன். அதுவே போதுமானதாக இருந்தது.

மறுநாளிலிருந்து "மிஸ் சொன்னாங்க" நின்றது. ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த வாரங்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அரசாங்கம் அவளுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினியை மேஜையில் வைத்து, இரண்டு பேருமாக எங்கள் மே மாதப் பயணத்தைப் போட்டோம். நூலகத்திலிருந்து நான் கோட்டைகளைப் பற்றி நான்கு புத்தகம் எடுத்து வந்து, பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். கிராஃப் தாளில் அட்டவணை போட்டேன். முதல் நாள் ஜோத்பூர்க் கோட்டை. இரண்டாம் நாள் படிக்கிணறுகள். மூன்றாம் நாள் ஜெய்சல்மேர், சாயங்காலம் மணல்மேடு. மகள் என் தோளில் சாய்ந்து, "ஏம்மா, தண்ணியே இல்லாத ஊர்ல ராஜா எதுக்கும்மா கோட்டை கட்டினான்?" என்பாள். முந்தின நாள் படித்ததை நான் சொல்வேன். ஒட்டக வணிகம், சுங்கம் என்று. "உனக்கு எப்படிம்மா இவ்வளவு தெரியும்!" என்பாள். அந்த ஒரு வரிக்காகத்தான் நான்கு புத்தகமும்.

ஏன் மே மாதம் என்று நானோ மகளோ என் கணவரோ யோசிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எங்கேயாவது போவதென்றால், ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதத்தில்தான் போவோம். கல்யாணமோ, திருப்பதியோ, வீடு கட்டுவதோ, எல்லாமே தாளடிப் போகம் அறுத்து நிலம் காய்ந்து கிடக்கிற சித்திரை வைகாசியில்தான். டிசம்பரில் சம்பா கதிர் பால் பிடிக்கும். மழை வெள்ளத்தில் எந்த நேரமும் வயலை வடிக்க வேண்டியிருக்கும். ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் கணவர் அப்பாவின் ஒரு ஏக்கரையும் பார்த்துக்கொள்கிறார். அட்டவணையைப் பார்த்துவிட்டு, "மே மாசம்தான் சரி, கதிர் வர்ற நேரத்துல எவனாவது வீட்டைப் பூட்டிட்டுப் போவானா?" என்றார். அந்த ஆசிரியையின் வீட்டில் நிலம் முழுவதும் குத்தகைக்கு விட்டாயிற்று. எந்த மாதமும் கிளம்பலாம். அதற்காகவும் எரிச்சல்பட்டேன்.

கார்த்திகையில் ஒரு நாள், பள்ளி விட்டதும் மகள் எனக்காகக் காத்திருக்காமல் தனியாக வீட்டுக்குப் போயிருந்தாள். நான் போனபோது சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ் என்னைக் கூப்பிட்டு, ஏம்மா, ரயில்ல வர பயமாமே, நீ இவ்வளவு பயந்தாங்கொள்ளியான்னு சிரிச்சாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம்தான் புரிஞ்சுது."

நான் பையை இறக்கி வைத்தேன்.

"நான் ஒரு மாசமா அவங்க மூஞ்சியப் பாக்கலம்மா. அவங்க எதிர்ல வந்தா திரும்பிக்கிட்டுப் போனேன். அவங்களும் அப்படித்தான்னு நெனச்சேன். நீதானே சொன்ன."

"எனக்கு உன்னை அனுப்ப மனசில்லடி. அதை எப்படிச் சொல்றதுன்னு..."

"மனசில்லன்னே சொல்லியிருக்கலாம். தாத்தா நெசமா பட்டதை எடுத்து எனக்குப் பொய்யா சொல்லியிருக்கியேம்மா."

அவள் அழவில்லை, கத்தவில்லை. எழுந்து போய் முகம் கழுவினாள். நான்தான் அவள் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாவுக்கு வலது தோளில் ஒரு தழும்பு உண்டு. கேட்டால் மாடு முட்டியது என்பார். அது மாடு இல்லை, பண்ணையில் வாங்கிய அடி என்பது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை வைத்துத்தான் நான் ஒரு பெண்ணை டூர் போகாமல் தடுத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை அந்த வரலாற்று ஆசிரியையின் வீட்டுக்குப் போனேன். பல தடவை கூப்பிட்டிருக்கிறாள், போனதில்லை. வாசல்வழியாக நடந்து கூடத்தில் உட்கார்ந்தேன். காபி கொண்டுவந்தாள். அது ஆறும்வரை எதையெதையோ பேசிவிட்டு, கடைசியில் நான் அவளிடம் சொன்னது, மகளிடம் சொன்னது, இரண்டையும் வரிசையாகச் சொன்னேன்.

அவள் முகம் சிவந்தது. "அதான் உங்க பொண்ணு என்னைப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போச்சா? நான் என்ன தப்பு பண்ணினேன்னு தூக்கம் வராம கிடந்தேன் டீச்சர்." கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுல அந்தக் காலத்துல நடந்ததுக்கு நீங்க என்னை நேராவே திட்டியிருக்கலாம். வாங்கிக்கிட்டிருப்பேன். செய்யாததுக்கு இப்படியா?"

மன்னிப்புக் கேட்டேன். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லாததற்காக அவள்மேல் முதல்முறையாக எனக்கு மரியாதை வந்தது.

"இப்ப அவளை அழைச்சிட்டுப் போக முடியுமா?" என்று கேட்டேன்.

"இப்ப எங்க டிக்கெட் இருக்கு? எல்லாம் போன மாசமே முடிஞ்சுது. அதான் நீங்க மே மாசம் போறீங்கள்ல?" என்றவள் நிறுத்தி, என்னை உற்றுப் பார்த்தாள். "நெசமாவே மே மாசமா டீச்சர்? பாலைவனத்துக்கா? கோட்டையில கால் வச்சா கொப்புளம் வந்துடும். அந்த ஊர்க்காரங்களே வெளியில வர மாட்டாங்க. சேட்டுகளே அப்ப ஊருக்குப் போறதில்ல!"

கிராஃப் தாள், நான்கு புத்தகம், தோளில் சாய்ந்த தலை எல்லாம் அந்தக் கூடத்தில் ஒன்றுமில்லாமல் போயின. அடுத்த டிசம்பரில் மகள் பன்னிரண்டாம் வகுப்பு, பொதுத் தேர்வுக்குப் படிக்க வேண்டும். போவதென்றால் இந்த வண்டி, இந்த டிசம்பர், இவளோடுதான்.

தட்கலில் முயற்சி செய்வது என்று முடிவானது. வண்டி கிளம்புவதற்கு முந்தின நாள் விடிவதற்குள் மன்னார்குடி ஸ்டேஷனில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர். என் மகளை அவளோடு அனுப்பக் கூடாதென்று பொய் சொன்ன நானே, அவளோடு அனுப்ப இடம் கிடைக்க எல்லாக் கோயிலுக்கும் வேண்டிக்கொண்டு நின்றேன். அவ்வளவு வேண்டியும், கவுண்டர் திறந்தபோது இடம் இல்லை என்று வந்துவிட்டால் நல்லது என்று ஒரு மூலை நினைத்தது. ஒரே ஒரு படுக்கை கிடைத்தது, அவர்களுக்கு மூன்று பெட்டி தள்ளி.

மறுநாள் நடைமேடையில் மகள் என்னோடு நின்றாள். கார்த்திகையிலிருந்து அவள் நான் கேட்டதற்குப் பதில் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஸ்வெட்டர் வச்சியா?" "ம்." "மாத்திரை?" "ம்." அந்த ஆசிரியையின் கணவர் வந்து பையை வாங்கிக்கொண்டார். "பகல்லெல்லாம் எங்களோட உக்காந்துக்கட்டும், டிடிஆர்கிட்ட பேசி இடத்தை மாத்திக்கலாங்க" என்றார். ஏறியதும் மகள் ஜன்னல் ஓரத்தில் அந்த ஆசிரியைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, முதலில் அவளிடம்தான் நீட்டினாள். வண்டி நகர்ந்தது. கையாட்டினேன். இரண்டு பேரும் கையாட்டினார்கள், ஒரே மாதிரி.

நான்காம் நாள் போன் வந்தது. இங்கே விடாத மழை. கணவர் வயலை வடிக்க மண்வெட்டியோடு போயிருந்தார். வாசலில் நின்று எடுத்தேன். கோட்டை பார்த்தாளாம். பீரங்கி, உடன்கட்டை ஏறிய ராணிகளின் கைப்பதிவு, பாறைக்குள் குடைந்த தொட்டிகள். மூச்சுவிடாமல் சொன்னாள். இடையில் அந்த ஆசிரியையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. மகள் கேட்டாள்.

"அங்க என்னம்மா பண்றீங்க?"

"இங்க நல்ல மழைடி. மூணு நாளா விடல."

"நெசமாவா?"

யாரும் சாதாரணமாகக் கேட்கிற கேள்விதான். அவளும் அப்படித்தான் கேட்டிருப்பாள். ஆனால் எனக்கு ஆமாம் என்று சொன்னால் போதாதுபோலத் தோன்றியது. வாசற்படியிலிருந்து இறங்கி, போன் நனைந்து கெட்டாலும் கெடட்டும் என்று கையை நீட்டி அதை மழையில் பிடித்தேன். தகரக் கூரையில் விழுந்த தண்ணீர் என் மணிக்கட்டில் தெறித்தது. கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுக் காதில் வைத்தேன்.

மறுமுனையில் அவள் போனை வாயிலிருந்து தள்ளி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

"மிஸ், இங்க வாங்க, இதைக் கேளுங்களேன். எங்க வீட்டு மழை."

பிறகு என்னிடம் திரும்பி வந்து, "அம்மா, இன்னொரு தடவை பிடி. மிஸ் கேக்கணுமாம்" என்றாள்.

அந்த மிஸ்ஸுக்காகப் பிடிக்க எனக்கு மனசில்லை. பிடித்தேன்.