கிரீமக்கா இருந்த பத்தியம்

கேக் மேல் கிரீமால் பூப் போடுகிறவள் என்பதால் அவளுக்குக் கிரீமக்கா என்று பெயர். பேக்கரியின் பின்பக்கம், அடுப்புச் சூடு எட்டாத ஜன்னலோரம் அவள் மேசை. கிரீம் நிரப்பிய கூம்புப் பையை ஒரு திருகு திருகி அழுத்தினால் ரோஜா, லேசாகச் சாய்த்து இழுத்தால் இலை. கிரீமை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்காமல் எதன் மேலும் பூச மாட்டாள்.

மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோதும் இதே வேலைதான். கேக்கை மட்டமாக்க ஓரங்களை அரிந்து எடுப்பார்கள் அல்லவா, அவற்றைப் பேக்கரி மாஸ்டர் ஒரு தட்டில் குவித்து, "பால் குடுக்குற பொண்ணு, தெம்பா சாப்பிடும்மா" என்று நீட்டுவார். மீந்த கிரீமைத் தொட்டுக்கொண்டு அதையே மத்தியானச் சாப்பாடாக்கிவிட்டு, வீட்டுக்கு ஓடிப் பால் கொடுத்துத் திரும்பி ஓடி வருவாள். மாஸ்டர் தங்கமான மனுஷன். அவரையும் குறை சொல்ல முடியாது, பசித்தவளையும் குறை சொல்ல முடியாது. பிள்ளை கொழுகொழுவென்று வளர்ந்தது. பார்த்தவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளினார்கள்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது பன்னிரண்டு வயது. பள்ளியில் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள், சர்க்கரை எல்லையில் நிற்கிறது, கவனமாக இருங்கள் என்றார்கள். கிரீமக்காவின் மடியிலோ அப்போது இரண்டாவது, பால் குடிக்கும் ஆண் குழந்தை. பட்ட காலிலே படும் என்பார்களே, பக்கத்து வீட்டுக்காரி அந்த நேரம் பார்த்து ஃபோனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். பால் கொடுக்கும் காலத்தில் தாய் கொழுப்பும் இனிப்புமாகவே சாப்பிட்டால், பிள்ளைக்குப் பின்னாளில் சர்க்கரை வரலாம் என்றது அது. 'வரலாம்' என்பதை எந்தத் தாய் காதில் வாங்குவாள்? வந்துவிட்டது, வரவழைத்தது நான்தான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

"உன் விஷயத்துல தப்புப் பண்ணிட்டேன்டி. தம்பியையாவது ஒழுங்கா வளக்கணும்" என்று மகளிடமே சொன்னாள். சொன்ன கையோடு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அந்தப் பெண்ணின் முகத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம், மகராசி. பார்க்கவில்லை.

அன்றே பத்தியம் ஆரம்பமாயிற்று. வேகவைத்த கீரை, வெந்நீர், மறுபடி கீரை. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் கணவர், "முயல்கூட இதைவிட ருசியா சாப்பிடும்" என்று கிண்டல் பண்ணி, ஒரு முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டார். போகப் போகப் பால் வற்றியது. குழந்தை சப்பும், கிடைக்காமல் வீறிடும், மறுபடி சப்பும். இது தெரிந்தும் அவள் பிடிவாதம் தளரவில்லை.

பேக்கரியில் விரலால் தொட்டுப் பார்ப்பதையும் நிறுத்தினாள். அங்கேதான் வந்தது வினை. பொடித்த சர்க்கரையும் சோள மாவும் ஒரே வெள்ளை, பக்கத்துப் பக்கத்து டப்பா. தலைசுற்றலில் மாவை எடுத்து வெண்ணெயோடு நுரைக்க அடித்து, கேக் முழுக்கப் பூசி, மேலே அழகாக ரோஜாவும் போட்டுவிட்டாள். பையில் மீந்ததை மாஸ்டர் வாயில் போட்டார்.

"ஏம்மா, இது கிரீமா, இல்ல செவத்துக்கு அடிக்கிற பட்டியா?"

அவள் சிரிக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்து விசாரித்ததில் விஷயம் முழுக்க வெளியே வந்தது. "அந்தக் கேக்கெல்லாம் நான் குடுத்ததுதானேம்மா" என்றார் மாஸ்டர். கேக்கை மறுபடி செய்ய ஆள் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் இருந்த குழந்தையையும் வாங்கிக்கொண்டு, அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

நர்ஸம்மா குழந்தையை எடை போட்டார். "ஏறவே இல்லையேம்மா. நீங்க என்னதான் சாப்பிடுறீங்க?" கேட்டதுதான் தாமதம், கிரீமக்கா அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அம்மா சாப்பாட்டுக்கும் பிள்ளை உடம்புக்கும் சம்பந்தம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா அந்தச் சோதனையெல்லாம் பெரும்பாலும் எலிக்குக் குடுத்துப் பாத்தது. மனுசங்களுக்கு இன்னும் முழுசாத் தெரியல. பரம்பரை, தூக்கம், ஓட்டம், இப்ப சாப்பிடுறதுன்னு எவ்வளவோ சேந்திருக்கு. உங்க பொண்ணுக்கு அந்தப் பாலாலதான் ஆச்சுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. எலிக்குப் பயந்து வீட்டக் கொளுத்தாதீங்கம்மா. பருப்பு, முட்டை, காய்னு வயிறு நெறைய சாப்பிடுங்க, பாலு தானா ஊறும். பொண்ணுக்கும் அதே சாப்பாடுதான். நல்லா ஓடி ஆடட்டும், இந்த எல்லையிலேருந்து திரும்பி வந்துடலாம்."

திரும்பி வந்துடலாம் என்ற ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. சாயங்காலம் வீட்டில் பருப்பு கொதித்தது, முட்டை வெந்தது. மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தட்டில் பரிமாறினாள். அந்தப் பெண் தட்டை நகர்த்திவிட்டுத் தண்ணீரைக் குடித்தாள்.

"எனக்கு வேணாம்மா."

"ஏன்டி? மத்தியானமாவது ஒழுங்கா சாப்பிட்டியா?"

"இல்ல. நான் இப்பலேருந்தே சாப்பாட்டக் கொறச்சுட்டா, பெரியவளானதும் எனக்குப் பொறக்குற பாப்பா என்னை மாதிரி கெட்டுப் போகாதுல்ல?"

ஐயோ, வீட்டில் பட்டினி கிடப்பது தான் ஒருத்திதான் என்றல்லவா கிரீமக்கா நினைத்திருந்தாள்!

"நீ கெட்டுப் போனவன்னு யாருடி சொன்னா?"

"நீதாம்மா."

கிரீமக்கா சோற்றைப் பருப்போடு பிசைந்து ஒரு வாய் உருட்டினாள்.

"நான் சொன்ன சொல்லுதான்டி தப்பு. நீ இல்ல. உன்கிட்ட ஒரு கொறையும் இல்ல கண்ணு. நீ பொறந்தப்ப எனக்கு இருந்த சந்தோஷத்த நான் ஒருநாளும் உன்கிட்ட சொன்னதில்ல பாரு, அதுவும் என் தப்புதான்."

மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மொதல்ல நீ சாப்பிடு" என்றாள்.

கிரீமக்கா அந்த உருண்டையைத் தன் வாயில் போட்டு, அழுகையோடு சேர்த்து விழுங்கினாள். அடுத்த வாயை நீட்டியபோது மகள் வாயைத் திறந்தாள்.