முதுகுச் செட்டை இல்லாத மீன்

தொண்ணூறுகளின் நடுவில் ரொறொன்ரோவில் எனக்குக் கிடைத்த வேலையை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவதே பெரும்பாடு. "மீன் தொட்டி கழுவுறீரோ?" என்பார்கள். கழுவினேன்தான். ஊரில் மீன்பிடித் திணைக்களத்தில் இருந்தவன் என்று சொல்லிச் சொல்லி ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் உதவியாளனாக ஒட்டிக்கொண்டேன். கிழக்குக் கரை ஆறுகளில் வாழும் காட்டு அட்லாண்டிக் சால்மனின் முட்டைகளைக் கொண்டுவந்து, குஞ்சு பொரிக்கவைத்து, ஸ்காபரோவில் ஓர் ஓடையில் விடுவோம். குஞ்சுகள் ரொறொன்ரோவை ஒட்டிய ஏரிக்குப் போய் வளர்ந்து, முட்டையிட அதே ஓடைக்குத் திரும்ப வேண்டும். ஒரு காலத்தில் இந்த ஏரி நிறைய அந்த மீன்தான் இருந்ததாம். அணை கட்டியும் காடு வெட்டியும் ஒன்றுகூட மிஞ்சாமல் செய்துவிட்டார்கள்.

விடுவதற்கு முன் ஒவ்வொரு குஞ்சுக்கும் முதுகின் பின்பக்கத்தில் இருக்கும் சின்னஞ்சிறு செட்டையைக் கத்தரிப்போம். அதுதான் எங்கள் அடையாளம். இலையுதிர்காலத்தில் அதே ஓடையில் பசிபிக் சால்மனும் ஏறும். அது தூண்டில்காரருக்காக விட்ட வேறு இனம். அதன் செட்டை முழுதாக இருக்கும்.

செலவைப் பொறுப்பேற்றது ஒரு தனியார் அறக்கட்டளை. நல்ல மனிதர்கள், குறை சொல்லமாட்டேன். பொறுமைதான் இல்லை. அந்த வருடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: குஞ்சு விட்ட கதை போதும், திரும்பி வந்த மீன் ஒன்றைக் காட்டுங்கள், இல்லையென்றால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆய்வை நடத்திய பேராசிரியை இதைச் சொல்லும்போது சிரித்தார். போதாக்குறைக்கு, திரும்பும் மீனைப் பிடிக்க ஓடையில் வைத்திருந்த பொறியை மழைவெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

அதே ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில் நான் இருந்த மாடிக் கட்டடத்தில் பாதிப்பேர் இலையுதிர்காலம் வந்தால் ஓடைக்கரையில்தான் நிற்பார்கள். கீழ்மாடி அண்ணையும் அப்படித்தான். அவருடைய அகதி வழக்குக்கு மொழிபெயர்க்க வக்கீலிடம் நான்தான் கூடப் போய்வந்தேன். அதனால் என்னைக் கண்டால் அவருக்கு மனம் உருகும்.

"அண்ணை, முதுகில சின்னச் செட்டை இல்லாத மீனைக் கண்டியளெண்டா எனக்கு ஒரு ரெலிபோன் கோல் அடியுங்கோ."

"ஏன் தம்பி, பிடிச்சே தாறன்."

"ஐயோ, பிடிக்க வேண்டாம் அண்ணை. சொன்னாக் காணும்."

எங்கள் ஆட்களிடம் வேண்டாம் என்று சொல்லி எது நின்றிருக்கிறது? தேத்தண்ணி வேண்டாம் என்றால் கேத்தல் அடுப்பில் ஏறும். சோறு வேண்டாம் என்றால் இன்னும் இரண்டு அகப்பை விழும். தம்பி கேட்க வெட்கப்படுகிறான் என்று அண்ணை முடிவுகட்டிவிட்டார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அண்ணையும் அவர் பெண்சாதியுமாக வந்து நின்றார்கள். அக்காவின் கையில் ஐஸ்கிறீம் பெட்டி.

"இந்தாங்கோ தம்பி, உங்கட மீன்!"

மூடியைத் திறந்தேன். செதிள் சுரண்டி, அளவாக வெட்டி, மஞ்சளும் உப்பும் பிரட்டிய துண்டுகள்.

"செட்டை?" என்றேன்.

"இல்லை தம்பி, வழுவழுவெண்டு இருந்தது. வடிவாத் தடவிப் பாத்தனான்," என்றார் அண்ணை. "வேலைக்கும் போகாமல் நிண்டு பிடிச்சனான்."

"தலை, முதுகுத்தோல் எல்லாம் எங்கை?"

"குப்பைக் குழாய்க்குள்ள போட்டிட்டம்," என்றார் அக்கா. "கழுவாத மீனை ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுக்கலாமே?"

செருப்பும் போடாமல் கீழே, குழாய் வந்து விழும் அறைக்கு ஓடினேன். இயந்திரம் கட்டடத்துக் குப்பை முழுவதையும் நசுக்கிக் கட்டியாக்கி வைத்திருந்தது. கையால் கிளறினேன். ஒன்றுமில்லை. திரும்பி ஏறிவந்தபோது இருவரும் பயந்துபோய் வாசலிலேயே நின்றார்கள்.

"அக்கா, சினை இருந்ததோ?"

அவர் முகம் மலர்ந்தது. "வயிறு முட்டச் சினை! பொரிச்சுப் பிள்ளையளுக்குக் குடுத்திட்டன். உங்களுக்கும் ரெண்டு துண்டு எடுத்து வைச்சிருக்கலாம், விசரி நான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்திருப்பேன். யாரைத் திட்டுவது? ஒரு நாள் சம்பளத்தை விட்டு, குளிரில் நின்று, எனக்காகப் பிடித்த மனிதன். "இருங்கோ, தேத்தண்ணி போடுறன்," என்றேன்.

திங்கட்கிழமை பெட்டியைப் பேராசிரியையின் மேசையில் வைத்தேன். அவர் ஒவ்வொரு துண்டாகப் புரட்டினார். அதை எங்கள் மீன் என்று நிரூபிக்க அதில் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. "முட்டை இருந்ததா?" என்று கேட்டார். தலையசைத்தேன். பொரித்துத் தின்றதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? சொன்னேன். பிடித்தது யார் என்றார். அதையும் சொன்னேன். அந்த மீனைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். அடுத்த மாதம் அண்ணையின் அகதி வழக்கு விசாரணை என்பதையும் சொன்னேன். பேராசிரியை மூடியை அழுத்தி மூடினார்.

அறக்கட்டளைக் கூட்டத்தில் நான் படம் காட்டும் மெசினுக்குப் பக்கத்தில் நின்றேன். தலைவர் வயதான, சாந்தமான மனிதர். "ஒன்றுகூடவா?" என்று கேட்டார். "யாராவது கண்ணால் கண்டதாகச் சொன்னாலும் போதும், நான் மற்றவர்களோடு பேசிப்பார்க்கிறேன்." கண்டவர் யார் என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். பேராசிரியை என்னைப் பார்த்தார். நான் மெசினை அணைத்தேன்.

"இல்லை," என்றார் அவர். "எதுவும் வரவில்லை."

அந்த ஓடைக்கு இந்த மீன் திரும்பாது என்று தீர்மானித்து ஆய்வை மூடினார்கள். தலைவர் மிகவும் மனம் வருந்திக் கைகொடுத்தார்.

லிஃப்டில் நானும் பேராசிரியையும்தான். கதவு மூடியதும் அவர் அழத் தொடங்கினார்.

"ஆனால் அது வந்தது, இல்லையா?" என்றார்.

"ஓம்," என்றேன். தமிழில்தான் வாயில் வந்தது.