வாட்டம் பார்க்கும் வாளி

ஆய்வுக்குப் போகும்போது என் பையில் தரை மட்டம் பார்க்கும் ரசமட்டம், அளவுநாடா, டார்ச், எண் போட்ட குறைப்பட்டியல் எல்லாம் இருக்கும். கையில் ஒரு நீலநிற பிளாஸ்டிக் வாளி இருக்கும். அரசு கட்டும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுவது என் உத்தியோகம். கூட வரும் மேஸ்திரிகள், "ரசமட்டம் இருக்கே மேடம், பக்கெட்டு எதுக்கு?" என்று கேட்பார்கள். நான் சிரித்துவைப்பேன். அந்த வாளியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் மீன்காரக்காவில்தான் தொடங்க வேண்டும்.

செம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒற்றையறை வீடுகள் ஒட்டியிருந்த ஒரு வரிசையில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். எங்களுக்கு மேட்டுப் பக்கம் மீன்காரக்கா வீடு. கடலோரக் குப்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். விற்றது போகக் கூடையில் மிஞ்சிய மீனைத் தினமும் மத்தியானம் வாசலில் வைத்துக் கழுவுவார். செதில் மிதக்கும் அந்தத் தண்ணீர் நேராக எங்கள் வாசற்படிக்கு வரும். அம்மா துடைப்பத்தோடு வெளியே வருவாள். "ஊர் நாத்தமெல்லாம் என் வாசல்லதான் வந்து உக்காரணுமா?" என்று அவள் கேட்டால், "நானா வரச் சொன்னேன்? தண்ணி வருது, அதாண்ட கேளு!" என்று பதில் வரும். எட்டு வருடம் இது நடந்தது. இருவரும் சண்டைக்கு வெளியே பேசி நான் பார்த்ததில்லை.

பிறகு வண்டலூருக்கு அப்பால் அரசு கட்டிய குடியிருப்பில் எங்கள் வரிசைக்கே வீடு கிடைத்தது. செலவில் பெரும்பகுதி அரசுடையது, எங்கள் பங்கு கொஞ்சம்தான். குலுக்கலில் அம்மாவுக்கும் மீன்காரக்காவுக்கும் முதல் மாடியில் அடுத்தடுத்த வீடு விழுந்தது. "கவர்மென்டுக்குக்கூட என் மேல இரக்கமில்ல" என்றாள் அம்மா. ஆனாலும் அவள் முகத்தில் அன்று இருந்த நிம்மதியை நான் அதற்கு முன் கண்டதில்லை. வாடகை வீடுகளை விற்றுவிட்டதாகச் சொல்லி, மாதக் கடைசிக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் கெடு வைத்திருந்தார்.

சாவி கொடுக்கும் நாளன்று கீழே பந்தல் போட்டு மேஜை வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் சாவி. நான் அப்போது ஆறாம் வகுப்பு. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற மீன்காரக்கா, படிவத்தை என் பக்கம் நீட்டி, "இன்னா எழுதிக்கீது பாப்பா?" என்று கேட்டார். "வீட்டை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று படித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நான் இன்னும் வூட்டையே பாக்கல சார். நல்லா கீதுன்னு எப்டி எழுதித் தருவேன்?" மேஜைக்குப் பின்னால் இருந்த பொறியாளர் சாருக்கு அலுப்பு. "மேல போய்ப் பாத்துக்கலாம்மா, முதல்ல போடு" என்றார். அக்கா அசையவில்லை. புதுக்குடித்தனத்துக்கென்று கொண்டுவந்திருந்த நீல வாளியில் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு மாடியேறினார். சாரும் வேறு வழியின்றிச் சாவியோடு பின்னால் போனார். நாங்களும் போனோம்.

தண்ணீர் வடிவதற்காகத் தரையில் விடும் சரிவை வாட்டம் என்பார்கள். குளியலறையில் அது வடிகுழாயைப் பார்த்து இருக்க வேண்டும். அக்கா வாளியைக் கவிழ்த்தார். தண்ணீர் வடிகுழாய்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நிலைப்படி தாண்டி, கூடத்தைக் கடந்து, பொதுநடைக்கு வந்து, எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்த அம்மாவின் கால்விரலைத் தொட்டது. "பாத்தியா சார்? இங்கயும் இவளாண்டதான் போவுது. இன்னும் எட்டு வருசம் இவகூட கத்த எனக்கு தொண்ட கெடையாது."

சார் செருப்பைக் கழற்றிவிட்டுக் குளியலறையில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். அதே வாளியை வாங்கிக்கொண்டு மற்ற வீடுகளுக்கும் போனார். திரும்பி வந்து, தரையை உடைத்துப் புதிதாகப் போடாமல் இந்தக் கட்டடத்தில் சாவி தர முடியாது என்று பதிவேட்டில் எழுதினார். கூட்டம் அக்கா மீது பாய்ந்தது. "பேஜார் பண்ணிட்டியே! உன்னால நாங்க ரோட்டுல நிக்கணுமா?" எங்களுக்கும் போக வேறு இடமில்லை. அம்மாவும் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் புடவை நுனியைப் பிழிந்தபடி அக்காவுக்கு முன்னால் போய் நின்றாள். "அந்தத் தண்ணிக்காக எட்டு வருசம் சண்ட போட்டவ நானு. அவ சொல்றது நெசம். சரி பண்ணிக் குடுக்கட்டும்."

சார் இன்னொரு காரியமும் செய்தார். தாமதம் அலுவலகத்துடையது, தரை சரியாகும்வரை குடும்பங்களை இருக்கவிட வேண்டும் என்று முத்திரையிட்ட கடிதம் ஒன்றை எங்கள் வீட்டுக்காரருக்குக் கொடுத்தனுப்பினார். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஒப்பந்தக்காரர் தன் செலவில் தரைகளை உடைத்துப் போட்டார். அது முடியும்வரை சார் வாராவாரம் வந்து நின்றார்.

குடிபோன முதல் மத்தியானம் பக்கத்து வீட்டில் மீன் கழுவும் சத்தம் கேட்டதும், அம்மா பழக்கதோஷத்தில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நடை உலர்ந்து கிடந்தது. குனிந்து படியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். அதன்பின் இருவரும் சண்டைக்குப் புதுக் காரணம் தேட வேண்டியிருந்தது. இப்போது டிவி சத்தத்துக்காகப் போட்டுக்கொள்கிறார்கள், ஒரே வீட்டில் உட்கார்ந்து பார்த்தபடி.

போன வாரம் கூடுவாஞ்சேரியில் ஒரு புதுக் கட்டடத்தில் ஒப்படைப்பு. பட்டியலில் எல்லா எண்ணுக்கும் எதிரே சரி என்று குறியிட்டாகிவிட்டது. கைக்குழந்தையோடு நின்ற பெண் ஒருத்தி படிவத்தை நீட்டி, "எல்லாம் நல்லாத்தான் கீது மேடம், எங்க கையெழுத்து போடணும்?" என்றாள். படிவத்தில் அதே வரிதான், ஓர் எழுத்தும் மாறவில்லை. "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிக் குளியலறையில் வாளியைக் கவிழ்த்தேன். தண்ணீர் ஒரு கணம் பரந்து நின்றது. பிறகு மூலையைப் பார்த்துத் திரும்பி, வடிகுழாய்க்குள் களகளவென்று இறங்கியது. கூடம் உலர்ந்தே இருந்தது.

"இப்ப போடுங்க" என்று பேனாவைக் கொடுத்தேன்.