ஜெசிந்தாவின் பெயர் இல்லாத கட்டுரை

ஜெசிந்தாவின் தம்பி செல்லில் அழைத்தபோது நான் ஆய்வகத்தில் இருந்தேன். "பல்லடம் ரோட்டுல லாரி அடிச்சிட்டுண்ணே. அக்கா போயிட்டா" என்றான். பக்கத்து அறைக்குப் போய் எங்கள் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு கேட்டார்: "ஃப்ரீசர் சாவி அந்தப் பொண்ணுகிட்டதானே இருந்துச்சு? இன்னொரு சாவி யார்கிட்டங்க இருக்கு?"

எங்கள் ஆய்வகத்தை அறிந்த நண்பர்களான உங்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஜெசிந்தாவை அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். தெற்கேயிருந்து எங்கள் பனியன் ஊருக்குப் பிழைக்க வந்து அருள்புரத்தில் குடியேறிய குடும்பம். அப்பா பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங், அம்மா தைத்ததில் பிழை பார்க்கும் செக்கிங். ஜெசிந்தா முனைவர் பட்டம் வாங்கி இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. முழங்கால் மூட்டில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு ஏன் தேய்கிறது என்பதே அவருடைய ஆராய்ச்சி. "அதுக்கு நரம்பு கிடையாது. தேயும்போது சத்தம் போடாது. நமக்கு வலிக்கிறப்ப பாதி போயிருக்கும்" என்பார்.

மருத்துவமனையிலிருந்து எங்களுக்கு வந்த குருத்தெலும்புத் துண்டுகளில் சில, நாற்பதைத் தொடாத பெண்களுடையவை. ஆனால் எழுபது வயதுக்காரரின் மூட்டுபோல் தேய்ந்திருந்தன. ஜெசிந்தா படிவங்களைப் புரட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "வயசு கேட்டிருக்கோம், எடை கேட்டிருக்கோம். என்ன வேலை செய்றீங்கன்னு ஒருத்தரும் கேக்கல." எங்களில் எவருக்கும் அது தோன்றவில்லை. பனியன் போட்டுக்கொண்டுதான் அத்தனை பேரும் வேலைக்கு வந்துகொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முதலிபாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் போய்ச் செக்கிங் பெண்களின் முட்டிகளைத் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஒருமுறை நானும் போனேன். "எத்தனை நேரம் நிப்பீங்க?" என்று கேட்டதற்கு ஒரு பெண் சிரித்தார். "நிக்கறதுதானுங்க கண்ணு வேலையே. உக்காந்தா சூப்பர்வைசர் வந்துருவாருங்க." அந்தக் கம்பெனி மேலாளரிடம் ஜெசிந்தா, ஆளுக்கொரு ஸ்டூல் போடக்கூடாதா என்று கேட்டார். மேலாளர் எங்களுக்கு டீ வரவழைத்தார். "ஸ்டூல் போட்டா புரொடக்‌ஷன் விழுந்துருமுங்க. வெளிநாட்டுப் பையர் ஆடிட்டுக்கு வர்ற அன்னிக்கு வேணா போட்டர்றோமுங்க" என்றார், மிகுந்த பணிவோடு. வெளியே வந்ததும் ஜெசிந்தா, "உங்க ஊர்ல அநியாயத்துக்குக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுறீங்க" என்றார். நான் கொங்குநாட்டுக்காரன்.

ஜெசிந்தா எழுதிய கட்டுரை தயாரானது. பேராசிரியர், நின்று வேலை செய்வது பற்றிய பகுதி முழுவதையும் சிவப்பு மையால் அடித்துவிட்டார். 'வயதும் உடல் எடையுமே முக்கியக் காரணங்கள்' என்று தன் கையால் எழுதிச் சேர்த்தார். அவருடைய மாமனார் வீட்டுக்கு மூன்று பனியன் கம்பெனிகள் உண்டு. ஜெசிந்தா என் முன்னாலேயே சொன்னார்: "இது பொய்ங்க சார். இப்படித்தான் போகும்னா என் பேரை எடுத்துருங்க." மிரட்டினால் சார் யோசிப்பார் என்று நினைத்திருக்கலாம். சார் யோசிக்கவில்லை. பெயரை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் என் பெயரைப் போட்டார்.

நான் செய்தது, சில நாள் ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றியதுதான். 'வேண்டாம்' என்ற ஒரு சொல் என் வாயிலிருந்து வரவில்லை. அச்சான இதழ் வந்த அன்று ஜெசிந்தா என் மேசைக்கு வந்து கைகொடுத்தார். "வாழ்த்துகள். முட்டியப் பத்திரமாப் பாத்துக்குங்க. ரொம்ப மண்டி போடுறவங்களுக்கும் தேயும்" என்றார். அதன்பிறகு வேலை தவிர என்னிடம் வேறெதுவும் பேசியதில்லை.

இரங்கல் கூட்டம் நீங்கள் பார்த்ததுதான். படத்துக்குக் கீழே பெயரை 'ஜெயசிந்தா' என்று எழுதியிருந்தார்கள். 'எனக்கு மகள் மாதிரி' என்று பேராசிரியர் ஒலிபெருக்கியில் தழுதழுத்தார். முன்வரிசையில் கம்பெனி முதலாளிகள். ஜெசிந்தாவின் அம்மா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பேச அழைத்தபோது, கட்டுரையிலிருந்து யார் பெயர் எடுக்கப்பட்டது, ஏன் எடுக்கப்பட்டது என்பதைச் சொன்னேன். பாதியில் ஒலிபெருக்கி நின்றது. நான் கத்திப் பேசி முடித்தேன். இதைத் துணிச்சல் என்று பாராட்டிய நண்பர்களுக்கு ஒன்று: கேட்க வேண்டியவர் செத்தபிறகு பேசுவதற்குத் துணிச்சல் தேவையில்லை. நடந்ததைச் சொல்லி அந்த இதழுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். என் ஒப்பந்தத்தைப் பேராசிரியர் நீட்டிக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் அந்த அம்மா, ஜெசிந்தா முட்டிகளைப் பற்றிக் குறித்துவைத்த நோட்டை என் கையில் கொடுத்தார். "அவ இதுல பேர் எழுதி வச்சிருக்கிற பிள்ளைய எல்லாத்தையும் பாத்து, முட்டி என்ன நெலமன்னு சொல்லிருங்க தம்பி" என்றார்.

அடுத்த ஞாயிறு நோட்டோடு போனேன். முதல் பெயருக்குரிய பெண் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் தயங்கித் தயங்கி விவரம் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னை நிறுத்தினார்.

"அந்தப் புள்ள போன மாசமே ஊடு ஊடா வந்து எல்லார்த்துகிட்டயும் சொல்லீட்டுப் போயிருச்சுங்க. நீங்க யாருங்க?"

ஜெசிந்தாவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த நோட்டும், அவர் என்மேல் வைத்திருந்த இளக்காரமும். இரண்டையும் திருப்பிக் கொடுக்க இனி ஆள் இல்லை.